குடும்பக் கணினியும் புதிய பதிப்பும்

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் கணினி இன்று ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளின் பாடம், வங்கிக் கணக்கு, ஊருக்குச் செல்லும் ரயிலின் முன்பதிவு, பூர்விக நிலத்துப் பட்டாவின் நகல், பாட்டனார் பாட்டியாரின் நிழற்படம் ஆகிய யாவும் அதனுள் அடங்கியிருக்கின்றன. ஊரில் மரப்பெட்டி செய்து வந்த வேலையை இங்கே அது செய்கிறது. பெட்டியின் கீல் கழன்றால் தச்சரை அழைக்கிறோம். கணினியின் இயக்குதளம் பழையதாகிவிட்டது என்று எவரேனும் சொன்னால் மட்டும் செய்வதறியாது திகைக்கிறோம்.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்டு வந்த வழக்கமான பராமரிப்பு முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்குப் புதுவகைச் செயலியும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் தேவை. அவை இல்லாத கணினிகளை உடையோரில் சிலர் லினக்ஸின் பக்கம் திரும்பினர். அதற்கு முன்னரே லினக்ஸைக் கையாண்டு வந்த குடும்பங்களும் நம்முள் உண்டு. தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தின்படி மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் இருந்தமை பலர்க்கு நினைவிருக்கும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த ‘பாஸ்’ இயக்குதளத்துக்கு அடித்தளம் டெபியன் ஆகும்.

லினக்ஸுக்கு மாறிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று எண்ணுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். லினக்ஸுக்கும் வயது உண்டு. அதுவும் பதிப்புப் பதிப்பாக வெளிவருவது. பழைய பதிப்பின் பராமரிப்பு ஒரு நாள் நின்றுவிடும். அதன் பின்னும் கணினி ஓடத்தான் செய்யும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பார் இரார். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியை அந்நிலையில் விட்டுவைத்தல் தகாது. ஆதலின் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு, உள்ளிருப்பது ஒன்றும் சிதையாமல் மாறுவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க முற்படுகிறோம். சான்றாக டெபியன் 12இலிருந்து 13க்கு மாறும் முறையைக் கொள்கிறோம்.

டெபியன் என்பது யாது?

அமெரிக்க நாட்டில் இயன் மர்டாக் என்னும் மாணவர் 1993 ஆகஸ்டு 16ஆம் நாள் இம்முயற்சியை அறிவித்தார். தம் பெயரையும், பிற்காலத்தில் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் இணைத்து ‘டெபியன்’ எனப் பெயரிட்டார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர் இதனைப் பேணி வருகின்றனர். அவர்களுடைய ஆண்டு மாநாடு 2023 செப்டம்பரில் நம் அண்டை மாநிலமான கேரளத்தின் கொச்சியில் கூடிற்று. அவ்வாண்டு ஜனவரியில் விழுப்புரத்திலும் ஒரு சிறு மாநாடு நடைபெற்றது.

இதன் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ திரைப்படங்களில் வரும் பாத்திரங்களின் பெயர்களைச் சூட்டுவது வழக்கம். 11ஆம் பதிப்பு ‘புல்ஸ்ஐ’, 12 ‘புக்வார்ம்’, 13 ‘டிரிக்ஸி’. பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுச் சிறுவனாகிய ‘சிட்’ என்பானின் பெயரை, எப்போதும் ஆக்கப்பணி நடந்துகொண்டிருக்கும் நிலையற்ற கிளைக்கு வைத்திருக்கின்றனர். அக்கிளையைக் குடும்பக் கணினியில் நிறுவ வேண்டா என்பதற்கு அப்பெயரே போதிய எச்சரிக்கை.

12ஆம் பதிப்பு 2023 ஜூன் 10இலும், 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டு 9இலும் வெளிவந்தன. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ மூன்றாண்டு முழுப் பராமரிப்பும், அதன்மேல் இரண்டாண்டு நீண்டகாலப் பராமரிப்பும் வகுக்கப்பட்டுள்ளன. அக்கணக்கின்படி 12ஆம் பதிப்பின் முழுப் பராமரிப்புக்கு 2026 ஜூனும், நீண்டகாலப் பராமரிப்புக்கு 2028 ஜூனும் எல்லை.

துடைத்து நிறுவுதலும் மேம்படுத்தலும்

புதிய பதிப்பை அடைய இரு வழிகள் உண்டு. ஒன்று, ஹார்டு டிஸ்கை முழுதும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுதல். மற்றொன்று, இருப்பதை இருந்தவாறே வைத்து, அதன் பகுதிகளை மட்டும் புதியனவாக மாற்றுதல். கடைக்காரர் பெரும்பாலும் முதல் வழியையே விரும்புவர். அவர்களுக்கு அது விரைவில் முடியும் வேலை.

நாம் வசிக்கும் ரயில்வே குடியிருப்பில் ஒரு குடும்பத்தார் தம் கணினியை இவ்வாறு ஒரு கடையில் கொடுத்தனர். ‘பிக்சர்ஸ்’ என்னும் அடைவில் இருந்த படங்களையெல்லாம் கடைக்காரர் நகல் எடுத்துக்கொண்டு, பின்னர் டிஸ்கைத் துடைத்தார். ஆனால் மறைந்த பாட்டியார் பேத்திக்குப் பாடிய தாலாட்டின் ஒலிப்பதிவு ‘டவுன்லோட்ஸ்’ அடைவில் கிடந்தது. அது போயிற்று, அக்குரல் பதிந்த வேறு நகல் உலகில் எங்கும் இல்லை. புதிய பதிப்பு என்னவோ நன்றாகவே ஓடுகிறது.

இரண்டாம் வழியில் இத்தகைய இழப்புக்கு இடம் குறைவு. அடைவுகள், அமைப்புகள், தமிழ்த் தட்டச்சு ஏற்பாடு ஆகியன இருந்தவாறே இருக்கும். ஆனால் அவ்வழி பொறுமையையும் ஒழுங்கையும் கோருவது. அலுவலகத்தில் பொறுப்பு ஒப்படைக்கும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். பட்டியல் எழுதி, இருப்புச் சரிபார்த்து, கையொப்பம் வாங்கிய பின்னரே சாவி கைமாறும். சாவி மாற ஒரு நொடிதான். பட்டியலுக்கு இரண்டு நாள். பதிப்பு மாற்றத்திலும் பெரும்பகுதி வேலை கட்டளை இடுவதற்கு முன்னரே முடிந்துவிட வேண்டும்.

முதலில் அறிய வேண்டுவன

இனி வரும் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறோம். தட்டச்சிடும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடுதல் வேண்டும். அமைப்பை மாற்றும் கட்டளைகளின் முன் ‘சூடோ’ என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்க.

நம் கணினியில் உள்ளது எப்பதிப்பு என்று முதலில் காண்க. ‘ஈடிசி’ அடைவில் உள்ள ‘ஓஎஸ்-ரிலீஸ்’ என்னும் கோப்பைத் திறந்தால் பெயரும் எண்ணும் தெரியும். 11 இருக்குமாயின் நேராக 13க்குச் செல்லலாகாது. முதலில் 12க்கும், அங்கிருந்து 13க்கும் செல்ல வேண்டும். ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறுவதை மட்டுமே டெபியன் அமைப்பினர் ஏற்பாடு செய்து சோதிக்கின்றனர். உபுண்டுவிலும் இந்நெறியே: நீண்டகாலப் பதிப்பான 20.04 உடையோர் 22.04 வழியாகவே 24.04ஐ அடைதல் வேண்டும். உபுண்டுவுக்கு இதற்கெனத் தனிக் கருவி ஒன்று உள்ளமையால் கீழே சொல்லும் கட்டளைகள் அதற்குப் பொருந்தா, முன்னேற்பாடுகள் பொருந்தும்.

அடுத்து, அது 32 பிட் அமைப்பா, 64 பிட் அமைப்பா என்பதை அறிக. ‘டிபிகேஜி’ என்னும் சொல்லின் பின் இரு சிறுகோடுகள் இட்டு, ‘பிரிண்ட்-ஆர்கிடெக்சர்’ எனக் கேட்டால் விடை வரும். விடை ‘ஏஎம்டி64’ ஆயின் மேலே செல்லலாம். ‘ஐ386’ ஆயின் அங்கேயே நிற்க. 13ஆம் பதிப்பு பழைய 32 பிட் கணினிகளுக்கான கெர்னலையும் நிறுவியையும் வழங்குவதில்லை. அத்தகைய அமைப்பினர் மாற வேண்டா என டெபியன் அமைப்பினரே கூறியுள்ளனர். எனினும், செயலி 64 பிட் வகையாயிருந்தும் அமைப்பு மட்டும் 32 பிட்டாக நிறுவப்பட்டிருத்தல் கூடும். ‘எல்எஸ்சிபியு’ என்னும் கட்டளை அதனைக் காட்டிவிடும். அவ்வாறாயின் நகல் எடுத்துக்கொண்டு 64 பிட் அமைப்பைப் புதிதாக நிறுவுவதே வழி. இவ்விடத்தில் மட்டும் துடைத்து நிறுவுதல் தவிர்க்க முடியாதது.

நகல் எடுத்தல்

வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் ‘ஹோம்’ அடைவை முழுமையாக நகல் எடுக்க வேண்டும். ‘படங்கள் மட்டும் போதும்’ என்று தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் எது எங்கே கிடக்கிறது என்பது நமக்கே தெரிந்திராது. புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புகள் சாதாரணமாகக் கண்ணுக்குப் புலப்படா. உலாவியில் குறித்துவைத்த பக்கங்களும் கடவுச்சொற்களும் அவற்றுள்தான் இருக்கின்றன. அவையும் நகலில் சேர்ந்தனவா என்று பார்த்துக்கொள்க.

அதனோடு ‘ஈடிசி’ அடைவையும், நிறுவியுள்ள பொதிகளின் பட்டியலையும் நகல் எடுத்தல் நலம். ‘டிபிகேஜி’யின் பின் இரு சிறுகோடுகள் இட்டு ‘கெட்-செலக்ஷன்ஸ்’ எனக் கேட்டால் பட்டியல் கிடைக்கும். அதை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்க.

நகல் எடுத்தாயிற்று என்று அமைதி கொள்வதற்கு முன், அந்த டிஸ்கை வேறொரு கணினியில் பொருத்தி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பாராத நகலை நகலென்று கணக்கில் கொள்ளலாகாது. பின்னர் டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுக. நிறுவியை ஏற்றிய பென்டிரைவ் ஒன்றும் கைவசம் இருக்கட்டும். கணினி எழ மறுத்தால் அதிலுள்ள மீட்பு முறையின் வழியாக உள்ளே நுழையலாம்.

பழையதை நேர்செய்தல்

பதிப்பு மாற்றத்துக்கு முன் இருக்கும் பதிப்பையே அதன் கடைசி நிலைக்குக் கொண்டுவருதல் வேண்டும். ‘ஆப்ட் அப்டேட்’, அதன் பின் ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’ என இடுக. பின்னர் மூன்று சோதனைகள் உள.

‘டிபிகேஜி’யின் பின் இரு சிறுகோடுகளோடு ‘ஆடிட்’ எனக் கேட்டால், பாதியில் நிற்கும் பொதி எதுவும் உண்டா என்று தெரியும். ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் நலம் என்று பொருள். ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு’ என்றால், மாற்றக்கூடாதென முன்பு நாம் நிறுத்தி வைத்த பொதிகள் தெரியும். காரணம் தீர்ந்திருந்தால் அவற்றை விடுவிக்க வேண்டும். ‘டிஎஃப்’ என்பதன் பின் ஒரு சிறுகோடும் ‘ஹெச்’ எழுத்தும் இட்டால் டிஸ்கில் உள்ள காலியிடம் தெரியும். ‘பூட்’ பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பின் அதில் சுமார் 300 எம்பி காலியாக இருத்தல் வேண்டும்.

டெபியன் களஞ்சியத்துக்கு வெளியே, பிற நிறுவனங்களின் தளங்களிலிருந்து நிறுவிய மென்பொருள்களும் பல வீடுகளில் உண்டு. மாற்றம் முடியும் வரை அவற்றின் முகவரிகளை நிறுத்தி வைக்க வேண்டும். புதிய பதிப்போடு அவை ஒத்துவருமா என்று டெபியனார் சோதிப்பதில்லை. இடையில் முரண்பாடு எழுவது பெரும்பாலும் இவற்றால்தான்.

முகவரி மாற்றம்

பொதிகளை எங்கிருந்து கொணர வேண்டும் என்பதை ‘ஈடிசி’ அடைவினுள் ‘ஆப்ட்’ என்னும் உள்ளடைவில் இருக்கும் ‘சோர்சஸ் லிஸ்ட்’ என்னும் கோப்பு சொல்கிறது. அதே இடத்தில் அப்பெயரோடு ‘டி’ என்னும் எழுத்துச் சேர்ந்த அடைவு ஒன்றும் உண்டு. அதனுள் இருக்கும் கோப்புகளையும் பார்க்க வேண்டும். இவற்றில் ‘புக்வார்ம்’ என வரும் இடந்தோறும் ‘டிரிக்ஸி’ என மாற்றுக. பாதுகாப்பு வரியிலும், இடைக்கால மாற்றங்களுக்கான வரியிலும் அச்சொல் வரும், ஒன்றும் விடுபடலாகாது.

சிலருடைய கோப்பில் பதிப்பின் பெயருக்குப் பதிலாக ‘ஸ்டேபிள்’ என்று இருக்கும். அதையும் பெயராக மாற்றிவிடுதல் நன்று. அச்சொல் எப்போதும் அப்போதைய நிலைப்பதிப்பையே சுட்டும். ஆதலின் புதிய பதிப்பு வெளியாகும் நாளில், முன்னேற்பாடு ஏதுமின்றி, வழக்கமான புதுப்பித்தலின்போதே பதிப்பு மாறத் தொடங்கிவிடும்.

‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்னும் சொல் வரிகளின் இறுதியில் இருக்கிறதா என்றும் காண்க. இப்பிரிவு 12ஆம் பதிப்பில் ஏற்பட்டது. மடிக்கணினிகள் பலவற்றின் வைஃபை இயங்குவதற்கு வேண்டிய கோப்புகள் இப்பிரிவின் வழியாகவே வருகின்றன.

இரு கட்டப் பயணம்

வரைகலைத் திரையில் சாளரம் திறந்து இவ்வேலையைச் செய்வதைவிட, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்திக் கிடைக்கும் எழுத்துத் திரையில் செய்வதே தக்கது. மாற்றத்தின் நடுவே வரைகலைத் திரை மறைந்துபோகுமாயின், அதில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் அறுந்துவிடும். மடிக்கணினியை மின்னிணைப்பில் வைத்திருக்கவும்.

முதலில் ‘ஆப்ட் அப்டேட்’. புதிய பட்டியல் வந்து சேரும். அடுத்து ‘ஆப்ட் அப்கிரேட்’ என்பதோடு, இரு சிறுகோடுகள் இட்டு ‘வித்தவுட்-நியூ-பிகேஜிஎஸ்’ என்பதைச் சேர்த்து இடுக. எதையும் நீக்காமலும், புதிதாக ஒன்றையும் சேர்க்காமலும் மாற்றக்கூடியவற்றை மட்டும் இது மாற்றும். இது முடிந்த பின்னரே ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’ என இட வேண்டும். முதற்கட்டத்தைத் தாண்டிக் குதித்தால், முரண்பாட்டைத் தீர்க்கும் பொருட்டு நமக்கு வேண்டிய பொதிகள் பலவற்றை அது நீக்கிவிடக் கூடும். இரு கட்டமாகப் பிரித்ததன் காரணம் இதுவே.

ஒவ்வொரு கட்டத்திலும் வேலை தொடங்குமுன் கணினி ஒரு பட்டியலைக் காட்டி, சம்மதமா என்று கேட்கும். எத்தனை எம்பி இறக்க வேண்டும், டிஸ்கில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பனவும் அதில் இருக்கும். அவசரப்பட்டுச் சம்மதம் தெரிவித்தல் கூடாது. ‘நீக்கப்படுவன’ என்னும் பகுதியை வரி வரியாகப் படிக்க வேண்டும். அதில் நூலகப் பொதிகள் பல நீக்கப்படுவதாகவும், அவற்றுக்கு ஈடாக ‘டி64’ என முடியும் பெயருடையன வருவதாகவும் இருப்பின் அஞ்சற்க. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி வரும் யூனிக்ஸ் வழிக் கடிகாரம் 32 பிட் அளவில் 2038 ஜனவரி 19இல் நிரம்பிவிடும். அதற்கு முன்னரே 64 பிட் அளவுக்கு மாற்றிவிட்டதன் அடையாளம் அவ்வெழுத்துகள். ஆனால் திரைமேடையோ, லிப்ரே ஆபீஸோ நீக்கப்படுவதாகக் காணின், ‘வேண்டா’ என விடையளித்து நிறுத்தி, காரணம் ஆராய்ந்த பின் தொடர்க.

கைப்பேசியின் வழியே இணையம் பெறும் இல்லங்களில் நாளளவுக்கு மேல் தரவு கிடைப்பதரிது. அவர்கள் கட்டளையோடு ‘டவுன்லோடு-ஒன்லி’ என்னும் குறிப்பை, முன்னே இரு சிறுகோடுகள் இட்டுச் சேர்த்தால், பொதிகள் இறங்கி நிற்கும், ஒன்றும் மாறாது. இறக்குவதை முதல் நாள் இரவிலும், மாற்றுவதை மறுநாள் பகலிலும் வைத்துக்கொள்ளலாம்.

இடையிடையே ஒரு வினா எழும். நாம் முன்பு திருத்திய அமைப்புக் கோப்பை அவ்வாறே வைப்பதா, புதியதை ஏற்பதா என்பதே அது. நாமே அறிந்து திருத்திய கோப்பாயின் பழையதை வைத்துக்கொள்ளலாம். விடை சொல்லாமல் என்டர் விசையைத் தட்டினாலும் பொதுவாகப் பழையதே நிலைக்கும். புதியதும் அருகிலேயே வேறு பெயரில் சேமிக்கப்படுவதால் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நடுவே மின்சாரம் நின்று கணினி அணைந்ததென்றே வைத்துக்கொள்வோம். அதனால் எல்லாம் பாழாயிற்று என்று டிஸ்கைத் துடைக்க விரைய வேண்டா. மீண்டும் எழுப்பி, ‘டிபிகேஜி’யின் பின் இரு சிறுகோடுகளோடு ‘கான்ஃபிகர்’, பின் ஒரு சிறுகோடும் ‘ஏ’ எழுத்தும் இடுக. பாதியில் நின்றவை தொடர்ந்து அமையும். அதன் பின் ‘ஆப்ட்’, ஒரு சிறுகோடு, ‘எஃப்’, ‘இன்ஸ்டால்’ என இட்டால் அறுந்த தொடர்புகள் பொருந்தும். பெரும்பாலான தடைகள் இவ்விரண்டிலேயே தீர்ந்துவிடுகின்றன.

முடிந்த பின்

கணினியை அணைத்து எழுப்புக. அப்போதுதான் புதிய கெர்னல் ஆட்சிக்கு வரும். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை என ஒவ்வொன்றாகச் சோதிக்க. பிள்ளைகள் பயன்படுத்தும் மென்பொருள்களை அவர்களைக் கொண்டே திறக்கச் சொல்லலாம். அவர்கள் கண்ணுக்குத் தப்பும் குறை அரிது.

எல்லாம் செவ்வனே இருக்கக் கண்ட பின் ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ என இட்டு, பயனற்றுப்போன பழைய பொதிகளை நீக்கலாம். நிறுத்தி வைத்த வெளி முகவரிகளை, அவை புதிய பதிப்புக்கு ஏற்றவையா என்று பார்த்து ஒவ்வொன்றாகத் திறக்க. 13ஆம் பதிப்பில் ‘டிஎம்பி’ என்னும் தற்காலிக அடைவு நினைவகத்தில் அமைவது இயல்பாகிவிட்டது. ஆதலின் அதில் எதையும் போட்டுவைக்கும் பழக்கம் உடையோர் அதனைக் கைவிட வேண்டும். கணினி அணையும்போது அதில் உள்ளவை மறைந்துவிடும். வெளி டிஸ்கில் எடுத்த நகலை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருத்தல் நன்று.

ஒவ்வொரு பதிப்போடும் டெபியன் அமைப்பினர் வெளியீட்டுக் குறிப்புகளைத் தருகின்றனர். நாம் மேலே கூறியவை பொதுவான நெறிகள். ஒரு குறிப்பிட்ட சாதனத்துக்கு உரிய எச்சரிக்கைகள் அக்குறிப்புகளில்தான் இருக்கும். தொடங்குமுன் ஒரு முறை படித்தல் இன்றியமையாதது. ஆங்கிலம் தடையாயின் கல்லூரியில் பயிலும் பிள்ளைகளை அருகில் அமர்த்திப் படிக்கச் செய்யலாம்.

அலுவலகம் செல்லும் நாளின் இரவிலோ, பிள்ளைகளின் தேர்வுக் காலத்திலோ, ஊருக்குப் புறப்படும் வாரத்திலோ இவ்வேலையைத் தொடங்க வேண்டா. ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நம் சங்கத்துக் குடும்பங்கள் இரண்டு மூன்று ஒன்றுகூடிச் செய்தால் இன்னும் நன்று. ஒருவர் கட்டளை இட, மற்றொருவர் பட்டியலைப் படித்துச் சரிபார்க்கலாம். வெளி டிஸ்க் இல்லாதவர்க்கு உள்ளவர் ஒரு நாள் இரவல் தரலாம். முடிந்ததும் பதிப்பின் எண்ணையும், மாற்றிய தேதியையும், அப்பதிப்பின் பராமரிப்பு முடியும் ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கணினியின் அடியில் ஒட்டி வைக்க. அடுத்த முறை அவ்வேலையைச் செய்யப் போவது வீட்டில் யாராயினும் அச்சீட்டு அவருக்கு உதவும்.